சிரிஞ்ச் காலியாகக் காலியாகப் பசைப் புள்ளி சிறுத்துப்போகிறது: வால்வை மாற்றுவதா, செட்டிங்கை மாற்றுவதா?

ஊசிமுனை (கேள்வி)

எலெக்ட்ரானிக் போர்டில் சிறு பாகங்களை நிலைநிறுத்த ஒற்றைக் கூறு எபாக்சி வைக்கிறோம். சூட்டில் இறுகும் வகை, சிலிக்கா ஃபில்லர் (நுண்துகள்) கலந்தது. டேட்டா ஷீட்டில் பாகுத்தன்மை 40,000 சென்டிபாய்ஸ், அடர்த்தி 1.4. கருவி சாதாரண டைம்-பிரஷர் கன்ட்ரோலர், அதாவது குறித்த நேரம் காற்றழுத்தம் கொடுத்துப் பசையைத் தள்ளுவது. 30 மில்லி சிரிஞ்ச், 1.8 மீட்டர் நீள ஹோஸ் (உள்விட்டம் 4 மி.மீ.), அரை அங்குல 22 கேஜ் உலோக ஊசி, அழுத்தம் 6 பார், ஷாட் (ஒருமுறை தள்ளும் நேரம்) 0.2 நொடி. புள்ளியின் விட்டம் 1.2 மி.மீ. வர வேண்டும்.

சிரிஞ்ச் நிறைந்திருக்கும்போது சரியாக வருகிறது. கால்வாசிக்குக் கீழே போனதும் கண்ணுக்கே தெரியும் அளவு சிறுக்கிறது. சில நேரம் ஷாட் முடிந்த பிறகும் ஊசி நுனியில் பசை கசிந்து நிற்கிறது. ஊசி மேலே எழும்போது பசை நூல்போல் இழுத்துப் பக்கத்து பேடில் (சால்டர் வைக்கும் உலோகத் திட்டு) விழுகிறது.

ஆகர் (சுழலும் திருகால் தள்ளுவது), புரோகிரஸிவ் கேவிட்டி, பீசோ ஜெட் என மூன்று வகை வால்வுகளைப் பரிந்துரைக்கிறார்கள். எது பொருந்தும்? சிரிஞ்ச் குறைவதைத் தானே கணித்துச் சரிசெய்யும் கருவி ஏதும் இருக்கிறதா?

ரோட்டார்_ஸ்டேட்டார்

நேராகப் புரோகிரஸிவ் கேவிட்டிக்குப் போங்கள். உலோக ரோட்டார் ஒற்றைத் திருகு, ரப்பர் ஸ்டேட்டார் இரட்டைத் திருகு. இரண்டும் பொருந்தி நிற்கும்போது நடுவில் மூடிய அறைகள் உருவாகும். ரோட்டார் சுற்றச் சுற்ற அந்த அறைகள் நுனியை நோக்கி நகரும். ஒரு சுற்றுக்கு இவ்வளவு கன அளவு என்று வடிவமே தீர்மானித்துவிடுகிறது, சிரிஞ்சில் மீதி எவ்வளவு என்பது கணக்கிலேயே வராது. ரெனே மொய்னோ 1930களில் காப்புரிமை பெற்ற பம்பின் சிறிய வடிவம்தான் இது. நல்ல நிலையில் இருந்தால் அளவின் ஏற்ற இறக்கம் ஒரு சதவீதத்துக்குள் நிற்கும். ஷாட் முடிவில் ரோட்டாரைச் சற்றுப் பின்னோக்கிச் சுழற்றினால் நுனிக் கசிவும் நிற்கும்.

பாகுநிலை

வால்வு வாங்கும் முன் எது கோளாறு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கேள்வியில் மூன்று தனித்தனிக் கோளாறுகள் கலந்திருக்கின்றன. அதில் ஒன்றைத்தான் புது வால்வு தீர்க்கும்.

முதலாவது, சிரிஞ்ச் காலியாகும்போது சிறுப்பது. இது காற்றின் கணக்கு. உங்கள் ஹோஸில் மட்டும் சுமார் 22 மில்லி காற்று இருக்கிறது. சிரிஞ்ச் நிறைந்திருக்கும்போது பிஸ்டனுக்கு மேலே இரண்டு மூன்று மில்லி காற்றிடம்தான். கால்வாசி மிஞ்சும்போது அது 22 மில்லிக்கு மேல் போய்விடும். ஒவ்வொரு ஷாட்டிலும் இந்த மொத்த இடமும் 6 பாருக்கு நிரம்பினால்தான் பசை முழு வேகத்தில் நகரும். நிரப்ப வேண்டிய காற்று ஏறக்குறைய இரட்டிப்பாகிறது, ஷாட் நேரமோ அதே 0.2 நொடி. நிரம்பவே அதில் பெரும்பகுதி போய்விட்டால் மிச்சம் எவ்வளவு இருக்கும்?

இதற்குச் செலவில்லாத மருந்து அழுத்தத்தைக் குறைத்து நேரத்தைக் கூட்டுவது. 6 பாரை 3 ஆக்கி 0.45 நொடியில் தொடங்குங்கள். ஃபில்லர் கலந்த பசை, அழுத்தம் பாதியானால் பாதிக்கும் குறைவாகவே நகரும், எனவே நேரம் இரண்டு மடங்குக்கு மேல் தேவைப்படும். சரியான நேரத்தைப் புள்ளியின் எடையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அடுத்து ஹோஸை 30 செ.மீ. ஆக்குங்கள். காற்றைத் திறந்து மூடும் சோலினாய்டு வால்வையே சிரிஞ்ச் தலைக்கு அருகில் கொண்டுவர முடிந்தால் இன்னும் நல்லது. காற்று வேகமாகப் போகட்டும் என்று ஹோஸைத் தடிமனாக்குபவர்கள் உண்டு. 1.8 மீட்டரில் அதைச் செய்தால் நிரப்ப வேண்டிய இடமும் சேர்ந்து கூடும், நீளத்தைக் குறைப்பதுதான் வழி. மூன்றாவதாக, 30 மில்லிக்குப் பதில் 10 மில்லி சிரிஞ்ச். காற்றிடம் எவ்வளவு மாறினாலும் 10 மில்லிக்கு மேல் போகாது.

இரண்டாவது, நுனிக் கசிவு. 40,000 சென்டிபாய்ஸ் பசை தானாக ஒழுகாது. ஷாட் முடிந்த பிறகும் வெளியே வருகிறதென்றால் பசைக்குள் காற்றுக் குமிழி இருக்கிறது. சிரிஞ்சுக்குள் எங்கோ 0.1 மில்லி குமிழி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 6 பார் ஏறும்போது அது ஏழில் ஒரு பங்காகச் சுருங்கும். அழுத்தம் விட்டதும் பழைய அளவுக்கு விரியும், அதாவது சுமார் 85 கன மி.மீ. உங்கள் புள்ளி அரை கன மி.மீ. அளவுதான் இருக்கும். 170 புள்ளிக்குச் சமமான தள்ளல் அந்த ஒரு குமிழியில் இருக்கிறது. அதில் ஒரு பகுதி பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும், மீதி ஊசி வழியாக வரும். இதைப் பார்த்து கன்ட்ரோலரின் வேக்குவத்தை (ஷாட் முடிந்ததும் பசையைப் பின்னுக்கு இழுக்கும் உறிஞ்சல்) கூட்டாதீர்கள். கூட்டினால் நுனி வழியாக வெளிக்காற்று உள்ளே ஏறி அடுத்த ஷாட் அரைகுறையாக வரும். கெட்டியான பசைக்கு வேக்குவம் பூஜ்யத்தில் இருந்தாலே போதும், அது நீர்த்த திரவங்களுக்கானது.

மூன்றாவது, நூல் இழுப்பது. இது வால்வைப் பொறுத்ததல்ல, ஊசியின் உயரத்தையும் அது எழும் வேகத்தையும் பொறுத்தது. 22 கேஜ் ஊசியின் உள்விட்டம் 0.41 மி.மீ. பலகைக்கும் நுனிக்கும் இடைவெளியை அதில் பாதி, சுமார் 0.2 மி.மீ., வைத்துத் தொடங்குங்கள். இதைவிடக் குறைந்தால் பசை ஊசியின் வெளிச்சுவரில் ஏறும். கூடினால் புள்ளி பலகையில் ஒட்டாமல் ஊசியோடு எழும். ஷாட் முடிந்ததும் 0.1 முதல் 0.2 நொடி நிறுத்தி, முதல் 2 மி.மீ. தூரத்தை நொடிக்கு 5 மி.மீ. வேகத்தில் ஏற்றி, அதன் பிறகு வேகமெடுக்க வையுங்கள். சில பசைகளில் இதற்கு நேர்மாறாக, சட்டென்று தூக்கினால்தான் நூல் அறும். இரண்டு முனையையும் முயன்று பாருங்கள், நடுவில் நிற்பதுதான் பெரும்பாலும் மோசம்.

மில்லிகிராம்

விட்டத்தை அளந்து முடிவெடுக்காதீர்கள், எடை போடுங்கள். 1.2 மி.மீ. விட்டமுள்ள புள்ளி உயரமாகவும் இருக்கலாம், தட்டையாகவும் இருக்கலாம். விட்டம் மாறாமலே கன அளவு கணிசமாக மாறும்.

0.1 மில்லிகிராம் காட்டும் தராசு போதும். கண்ணாடித் தகட்டில் 50 புள்ளி வைத்து நிறுங்கள். புள்ளி அரை கன மி.மீ. என்றால் ஒன்று 0.7 மில்லிகிராம், 50 சேர்ந்து 35. சிரிஞ்ச் நிறைந்தபோது, பாதியில், கால்வாசியில் மூன்று முறை. மூன்றையும் சிறிது நேர இடைவெளிக்குள் முடிக்க, நடுவில் பசையைத் தள்ளி வெளியேற்றிக்கொள்ளுங்கள். வேலையோட்டத்தில் காத்திருந்து எடுத்தால் வெப்பநிலையும் பசையின் வயதும் கணக்கில் கலந்துவிடும்.

எடை படிப்படியாக இறங்கினால் காற்றிடம்தான் காரணம். மேலும் கீழுமாகத் தாவினால் குமிழி. அதே சிரிஞ்சில், அதே மட்டத்தில், காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக இருந்தால் வெப்பநிலை, அல்லது பசை மெல்ல இறுகத் தொடங்கியது. பல எபாக்சிகளில் ஒரு டிகிரி ஏறினால் பாகுத்தன்மை 5 முதல் 10 சதவீதம் வரை இறங்கும். அறையில் 4 டிகிரி ஏற்ற இறக்கம் இருந்தால் டைம்-பிரஷரில் நிலையான புள்ளியை எதிர்பார்க்கவே முடியாது. சிரிஞ்சுக்கு வெப்பநிலை கட்டுப்படுத்தும் உறை போட வேண்டும்.

திடீரென்று குறைந்து அப்படியே நின்றுவிட்டால் ஊசியைப் பாருங்கள். ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஊசியின் உட்சுவரில் மெல்லிய படலம் இறுகி 0.41 மி.மீ. துளை 0.37 ஆனாலே ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். உலோக ஊசிக்குப் பதில் கூம்பு வடிவ பிளாஸ்டிக் நுனி போடுங்கள். நுனியில் மட்டும்தான் குறுகல் என்பதால் அதே ஓட்டத்துக்குக் குறைந்த அழுத்தம் போதும். ஃபில்லரின் மிகப் பெரிய துகளைவிட ஊசித் துளை குறைந்தது 7 மடங்கு, முடிந்தால் 10 மடங்கு இருக்கட்டும்.

வால்வுமேசை

ரோட்டார்_ஸ்டேட்டார் சொன்னது கொள்கையளவில் சரி. ஆனால் சிலிக்கா ஃபில்லர் என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிலிக்கா அரிக்கும். ஸ்டேட்டார் தேயத் தேய அறைகளின் மூடல் தளர்ந்து பசை பின்னுக்கு வழியும், ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்ற கணக்கு மெல்ல நழுவும். ஆகவே வால்வு வாங்கினாலும் எடை பார்ப்பது நிற்கக் கூடாது. ரப்பர் எந்த வகை என்று கேட்டு உங்கள் பசையில் ஊறவைத்துப் பாருங்கள். ரப்பர் ஊதிப் பெருத்தால் ரோட்டார் இறுகும். பசையில்லாமல் வெறுமனே ஓட விடவே கூடாது, உராய்விலேயே ஸ்டேட்டார் கருகிவிடும். சிரிஞ்ச் காலியானதைக் காட்டும் சென்சார் இல்லாமல் இந்த வால்வைப் பொருத்த வேண்டாம்.

ஆகர் மலிவு, ஃபில்லருக்குத் தாங்கும், குறிப்பாகக் கார்பைடு திருகு. ஆனால் அது முழுமையான கன அளவுப் பம்ப் அல்ல. திருகுக்கும் உருளைக்கும் உள்ள இடுக்கில் பசை பின்னோக்கி நழுவும். எவ்வளவு நழுவும் என்பதைப் பாகுத்தன்மைதான் முடிவு செய்யும், எனவே வெப்பநிலைப் பிரச்சினை குறையுமே தவிரத் தீராது. ஊட்டும் அழுத்தத்தைக் கூட்டிவிட்டால் திருகு நின்ற பிறகும் பசை அதைத் தாண்டி வழியும்.

பீசோ ஜெட்டில் ஊசி கீழே இறங்கும் வேலையே இல்லை. பலகைக்கு ஓரிரு மி.மீ. மேலிருந்து துளியைச் சுண்டி விடுகிறது. உயரம் சீரற்ற பலகைக்கும், நொடிக்கு நூற்றுக்கணக்கில் துளி வேண்டிய இடத்துக்கும் அதற்கு இணையில்லை. 40,000 சென்டிபாய்ஸ் என்றால் நாசிலைச் சூடேற்ற வேண்டியிருக்கும். உங்களுடையது சூட்டில் இறுகும் பசை, நாசிலுக்குள்ளேயே இறுகத் தொடங்கும் அபாயம் உண்டு. எந்த வெப்பநிலையில் எவ்வளவு நேரம் தாங்கும் என்று பசை தயாரிப்பாளரிடம் எழுத்தில் வாங்காமல் இதில் இறங்காதீர்கள்.

தானே சரிசெய்யும் கருவி கேட்டிருந்தீர்கள். இருக்கிறது. அழுத்தம் ஏறும் வேகத்தை சென்சார் வைத்துப் பார்த்தால் காற்றிடம் எவ்வளவு என்று கணிக்கலாம், அதற்கேற்ப ஷாட் நேரத்தைக் கூட்டலாம். இந்த யோசனையைச் சுற்றியே நிறையக் காப்புரிமைகள் உள்ளன. பாகுத்தன்மை மாறினால் இது உதவாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம், அது காற்றைப் பார்க்கிறது, பசையைப் பார்ப்பதில்லை. தேட விரும்பினால் சர்வதேசக் காப்புரிமை வகைப்பாட்டில் பி05சி பிரிவைப் பாருங்கள். பி05பி தெளிப்புக் கருவிகளுக்கு, பி05டி பூச்சு முறைகளுக்கு. உரிமைக்கோரல்களைவிட முன்னுரையில் பழைய கருவியின் கோளாறுகளை விளக்கும் பகுதி உங்களுக்குப் பயன்படும். எது ஏன் கெடுகிறது என்பதை அங்கே போல் வேறெங்கும் விரிவாக எழுதமாட்டார்கள்.

ஊசிமுனை

மூன்று மட்டத்திலும் எடை பார்த்தேன். படிப்படியாக இறங்குகிறது, ஆனால் நடுநடுவே தாவலும் இருக்கிறது. காற்றிடம், குமிழி இரண்டும் என்று எடுத்துக்கொள்கிறேன். 3 பார், குட்டை ஹோஸ், 10 மில்லி சிரிஞ்சுக்கு மாறுகிறேன். பசை 30 மில்லியில்தான் வருகிறது. 10க்கு மாற்றும்போது புதுக் குமிழி சேராமல் எப்படி நிரப்புவது?

பாகுநிலை

மேலிருந்து ஊற்றவோ கரண்டியால் அள்ளவோ வேண்டாம். இரண்டு சிரிஞ்சின் நுனிகளையும் லூயர் இணைப்பானால் நேருக்கு நேர் பூட்டி, 30 மில்லியிலிருந்து 1 பாருக்குக் குறைவான அழுத்தத்தில் மெதுவாகத் தள்ளுங்கள். பூட்டும் முன் இணைப்பானின் துளை வழியாகப் பசை எட்டிப்பார்க்கும் வரை தள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்தத் துளையில் இருக்கும் காற்று அப்படியே உள்ளே போகும். 10 மில்லி சிரிஞ்சில் பிஸ்டனை முன்கூட்டியே அடிவரை இறக்கி வைத்திருங்கள். பசை அதைத் தள்ளிக்கொண்டு மேலேறும், நடுவில் காற்றுக்கு இடமே இருக்காது.

பிஸ்டனைப் பிறகுதான் போட முடியும் என்றால், மெல்லிய நைலான் இழை ஒன்றைச் சுவருக்கும் பிஸ்டனுக்கும் இடையே தொங்கவிட்டுப் பிஸ்டனை அழுத்துங்கள். சிக்கிய காற்று இழையோரமாக வெளியேறும். பிஸ்டனின் அடி முழுவதும் பசையைத் தொட்டதும் இழையை உருவிவிடுங்கள்.

பசையைக் குளிரில் வைத்திருந்தால் மூடியைத் திறக்காமல், நுனி கீழே இருக்கும்படி நிறுத்தி, அறை வெப்பநிலைக்கு வரவிடுங்கள். ஈரம் உள்ளே படியாது. அடுப்பில் வைத்தோ கையில் பிடித்துச் சூடாக்கியோ அவசரப்படுத்தினால் பிளாஸ்டிக் சுவர் முதலில் விரிந்து பசையிலிருந்து விலகும், அந்த இடுக்கில் காற்று நுழையும்.

மில்லிகிராம்

நிரப்பிய பிறகும் குமிழி தெரிந்தால் சென்ட்ரிஃப்யூஜ். குறைந்த வேகத்தில், குறைந்த நேரத்தில் தொடங்குங்கள். சிலிக்கா பசையைவிடக் கனம், அளவு மீறிச் சுற்றினால் ஃபில்லர் ஒரு பக்கம் படிந்து ஊசியில் முதலில் கெட்டியும் பிறகு நீர்த்ததுமாக வரும். சுற்றிய பின் முதல் 50 புள்ளியையும் கடைசி 50 புள்ளியையும் நிறுத்துப் பாருங்கள்.