ஹெட் வேலைக்குப் பிறகு நிசான் 1400 எஞ்சினில் மிஸ்ஸிங்: எங்கே தேடுவது?

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன்)

வணக்கம். என்னிடம் 1,397 சி.சி. ஏ14 எஞ்சின் உள்ள பழைய நிசான் 1400 பக்கி (சிறிய பிக்கப் வண்டி) இருக்கிறது. ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில் அளவுக்கு மீறிச் சூடேறி ஹெட் காஸ்கெட் (சிலிண்டர்களை மேலிருந்து மூடும் ஹெட்டுக்கு அடியில் வைக்கும் தகடு) போய்விட்டது. ஹெட்டை நானே கழற்றி, பட்டறையில் கொடுத்துச் சமதளமாகச் சீவி வாங்கி, புதிய காஸ்கெட் வைத்து, டார்க் ரெஞ்சால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் படிப்படியாக முறுக்கினேன். வால்வு இடைவெளியை (வால்வுத் தண்டுக்கும் அதை அமுக்கும் ராக்கருக்கும் இடையே விடும் சிறு இடைவெளி) குளிர்ந்த நிலையில் வைத்துவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு ஆறிய பின் ஹெட் போல்ட்டுகளை மீண்டும் ஒருமுறை இறுக்கினேன்.

இப்போது எஞ்சின் உடனே கிளம்புகிறது. தண்ணீர் குறையவில்லை, வெள்ளைப் புகையும் இல்லை. ஆனால் ஐட்லிங்கில் வண்டியே குலுங்குகிறது. சைலன்சர் முனைக்கு அருகில் கையைக் காட்டினால் ஒரே சீரான இடைவெளியில் ஒரு தடுமாற்றம் (மிஸ்ஸிங்) தெரிகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் பெரும்பாலும் சரியாகிவிடுகிறது. பிளக்குகள் புதியவை, வயர்கள் சிலிண்டர்கள் எரியும் 1-3-4-2 வரிசையில்தான் உள்ளன. ஹெட்டை மறுபடியும் இறக்குவதற்கு முன் எவற்றைப் பார்க்க வேண்டும்?

மறுமொழி (ஃபீனிக்ஸ், டர்பன்)

தம்பி, ஹெட்டைத் தொடாதீர்கள். முதலில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும்போது எழும் அழுத்தம்) பாருங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது நான்கு பிளக்குகளையும் கழற்றி, காயிலுக்கு வரும் மின்சாரத்தைத் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எடுத்த அளவு எதற்கும் பயன்படாது, ஏனெனில் சிலிண்டருக்குள் போதிய காற்று போவதில்லை.

அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் மட்டும் குறைவாகக் காட்டினால், அவற்றுக்கு இடையே காஸ்கெட் பிடிக்கவில்லை என்று பொருள். ஒன்றே ஒன்று குறைவாக இருந்தால், பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் ஊற்றி மீண்டும் அளந்து பாருங்கள். அளவு ஏறினால் குறை பிஸ்டன் ரிங்கில் இருக்கிறது. ஏறாவிட்டால் வால்வில் இருக்கிறது. நான்கும் ஒரே மாதிரி குறைந்திருந்தால் டைமிங் செயின் பக்கம் திரும்பலாம். ஆனால் உங்கள் வேலையில் செயினைக் கழற்றவில்லை என்றால் அதற்கு வாய்ப்பு மிகக் குறைவு.

மறுமொழி (ஜோகன்னஸ்பர்க்)

ஐயா சொன்ன சோதனை சரியானதே. என்றாலும், ஐட்லிங்கில் மோசமாகவும் வேகத்தில் நன்றாகவும் ஓடும் எஞ்சினில் நான் முதலில் சந்தேகப்படுவது மேனிஃபோல்ட் (காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவையை ஹெட்டுக்குள் கொண்டுபோகும் குழாய்த்தொகுதி) காஸ்கெட்டைத்தான். அங்கே நுழையும் கள்ளக்காற்று ஐட்லிங்கில் கலவையைக் கெடுத்துவிடும். வேகம் கூடும்போது அதன் பங்கு சிறிதாகிவிடும். ஹெட்டைச் சீவினால் மேனிஃபோல்டும் இலேசாகக் கீழிறங்குவதால், அதன் தாங்கிகளும் வாக்கம் பைப்புகளும் இழுபடாமல் உட்கார்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இந்த எஞ்சினில் இன்டேக்கும் சூடான எக்ஸாஸ்டும் ஒரே பக்கத்தில் இருப்பதால், பெட்ரோலையோ கார்புரேட்டர் கிளீனரையோ தெளித்துச் சோதிப்பது தீயை விலைக்கு வாங்குவதாகும். ஆகவே வெறும் தண்ணீரை இணைப்பின் மீது மெல்லியதாகத் தெளியுங்கள். ஒரு கணம் எஞ்சின் ஓட்டம் மாறினால் கசிவு அங்கேதான்.

மேலும் ஒன்று. எங்கள் ஊர் ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றழுத்தம் கடலோரத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. கம்ப்ரஷனும் அதற்கேற்பக் குறைத்தே காட்டும். இங்குள்ளவர்கள் சொல்லும் எண்ணோடு டர்பனில் எடுத்த எண்ணை ஒப்பிட வேண்டாம். நான்கு சிலிண்டர்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டாலே போதும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. தண்ணீர் தெளித்ததில் எந்த மாற்றமும் இல்லை. கம்ப்ரஷன் முதலாவது, இரண்டாவது, நான்காவது சிலிண்டர்களில் ஏறத்தாழ 12 பார். மூன்றாவதில் மட்டும் 7 பார். ஆயில் ஊற்றிய பிறகும் அது ஏறவில்லை. வால்வு கவரைத் திறந்து பார்த்தபோது, மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வில் இடைவெளி அளக்கும் மிக மெல்லிய ஃபீலர் தகடுகூட நுழையவில்லை.

மறுமொழி (ஃபீனிக்ஸ்)

காரணம் கிடைத்துவிட்டது. ஹெட் போல்ட்டை மறுபடி இறுக்கும்போது காஸ்கெட் நசுங்கி, ஹெட் சிறிது கீழே வரும். ராக்கரைத் தள்ளும் கம்பியான புஷ்ராடின் நீளம் மாறாததால் அந்தக் குறைவு முழுவதும் வால்வு இடைவெளியில் விழுகிறது. இடைவெளி இல்லாமல் போனால் வால்வு முழுவதும் மூடாது. அதனால்தான் மறு இறுக்கத்துக்குப் பிறகு எட்டு வால்வுகளையும் புதிதாக அட்ஜஸ்ட் செய்தே ஆக வேண்டும்.

முன்பக்கத்திலிருந்து எண்ணினால் அந்த எக்ஸாஸ்ட் வால்வு ஐந்தாவது. நான்காவது வால்வு முழுவதும் திறந்து நிற்கும்போது ஐந்தாவதை அட்ஜஸ்ட் செய்யுங்கள். இரண்டு எண்களையும் கூட்டினால் ஒன்பது வர வேண்டும் என்பதுதான் கணக்கு. மற்ற வால்வுகளுக்கும் இதே கணக்கு பொருந்தும். எஞ்சின் சூடாக இருக்கும்போது இடைவெளி 0.35 மி.மீ. இருக்க வேண்டும்.

அட்ஜஸ்ட் செய்ததும் மீண்டும் கம்ப்ரஷன் பாருங்கள். 12 பாருக்கு அருகில் வந்தால் வண்டியை எடுத்து ஓட்டலாம். வராவிட்டால், மூடாத வால்வு வழியாகச் சூடான வாயு பீறிட்டு அதன் விளிம்பு எரிந்திருக்கும். அப்போது ஹெட்டை இறக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு முறை கவரைத் திறந்து பாருங்கள். நம் தென்னாப்பிரிக்காவில் 2006இலிருந்து ஈயம் கலந்த பெட்ரோல் இல்லை. பழைய ஹெட்டில் வால்வு சீட் (வால்வு வந்து அமரும் வளையம்) மென்மையாக இருந்தால், அதைக் காத்த ஈயம் இல்லாததால் அது தேய்ந்து தேய்ந்து வால்வு உள்ளே இறங்கும். ஐந்தாவது வால்வின் இடைவெளி மட்டும் மறுபடி குறைந்திருந்தால், அட்ஜஸ்ட் செய்துகொண்டே காலம் தள்ளாமல், பட்டறையில் கொடுத்துக் கடினமான சீட் போட்டு வாங்கிவிடுங்கள்.