அரெங்கா பறவை எங்கே, எப்போது கண்ணில் படும்?

ராகலை டீச்சர்:
வணக்கம். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். மஞ்சள்காது கொண்டைக்குருவி, வெள்ளைக்கண்ணி, மங்கல்நீல ஈப்பிடிப்பான் எல்லாம் எங்கள் பக்கமே பார்த்தாச்சு. குளிர்காலத்தில் நுவரெலியா விக்டோரியா பூங்காவில் காஷ்மீர் ஈப்பிடிப்பானும் கிடைத்தது. அரெங்கா, அதாவது இலங்கைச் சீகாரப் பூங்குருவி மட்டும் பல வருசமா கைக்கு எட்டவில்லை. ரயிலில் பட்டிப்பொல போய், ஓட்டோ பிடித்து ஹோர்டன் சமவெளி தேசியப் பூங்காவுக்கு ஏறினால் அதற்குள் வெயில் வந்துவிடுகிறது. ஒருதரம் ஓடைப் பக்கம் கூரான விசில் கேட்டு, உடம்பெல்லாம் சிலிர்த்துப் போனது. கறுப்பாக ஒன்று கல்லுக்குக் கல் தாவிப் புதருக்குள் போய்விட்டது. அதைக் கண்டதாக நோட்டில் எழுத மனசு வரவில்லை. வேறு இடம் ஏதும் இருக்கா? போனில் அதன் குரலைப் போட்டால் வெளியே வருமா?

ஹப்புத்தளை அண்ணன்:
டீச்சர், அதற்குரிய நேரமே அரையிருட்டுத்தான். விடியற்காலையும் பொழுது சாயும் நேரமும். முதல்நாளே பட்டிப்பொலயில் தங்கி, 6 மணிக்கு கேட் திறந்ததும் உள்ளே போங்க. ஃபார் இன் என்ற பார்வையாளர் நிலையத்துக்குப் போகும் வழியில் அரெங்கா குளம் இருக்கிறது, அங்கே இறங்கி அசையாமல் நில்லுங்க. வேன்கள் ‘உலக முடிவு’ மலைவிளிம்பைப் பார்க்கப் பறந்துகொண்டு போகும், நீங்க அவசரப்படாதீங்க. பாசி பிடித்த கல்லையும் தண்ணீர் ஓரத்தையும் பாருங்க. நீலத்தைத் தேடினால் தவறவிடுவீங்க: ஆண் தூரத்தில் கறுப்பாகத்தான் தெரியும், தோளில் உள்ள பளபளப்பு நீலம் வெளிச்சம் பட்டால்தான் தெரியும். பெட்டை பழுப்பு. ஈப்பிடிப்பானைவிட நல்ல பெரிசு, சுமார் 20 சென்டிமீட்டர்.

வெலிமடை அக்கா:
தங்கச்சி, குரலைப் போடவே வேண்டாம். எதிரி வந்துட்டதா நினைச்சு, இரை தேடுறதை விட்டுட்டு அலையும். இந்த நாட்டைத் தவிர வேறெங்கும் இல்லாத, அழியும் ஆபத்தில் உள்ள பறவை அது. ஏறக்குறைய 900 மீட்டருக்கு மேலே, ஈரக்காட்டு ஓடைகளை விட்டு அது நகராது. 1872இல் அறிவியல் பெயர் வைத்தபோது ப்ளை என்ற கோப்பித் தோட்டக்காரரின் பெயரைத்தான் வைத்தார்கள். அந்தக் கோப்பிக்கும், பிறகு தேயிலைக்கும் வெட்டிய காட்டில்தான் அதன் ஓடைகளும் இருந்தன. எஞ்சிய காட்டைச் சுற்றி மருந்தடித்தால், அது தின்னும் பூச்சி, தவளை எல்லாம் பாதிக்கும். இதை நினைச்சா எனக்கு ஆத்திரமாத்தான் வருது. ஹக்கல, சிவனொளிபாதமலைக் காடு, நக்கிள்ஸ் பக்கமும் பார்த்திருக்கிறார்கள். கூடு கண்டால் இடத்தை எங்கேயும் போடாதே.

ராகலை டீச்சர்:
அண்ணன், அக்கா, நன்றி. குரல் போடமாட்டேன். பெட்டை பழுப்பு என்பது மனசில் இருக்கும். எங்கள் மேல்மலையில் கொழுந்தெடுக்கும் அக்காமார், காட்டோர ஓடையில் விடியும் முன்னே ஏதோ விசிலடிக்கும் என்று சொல்வார்கள். அது அரெங்காதானா என்று சனிக்கிழமை போய்ப் பார்க்கப் போகிறேன். டோர்ச், போர்வை என்னிடம் இருக்கு. பைனாகுலர் உள்ள ஒருவர் கூட வந்தால் நல்லது, வருவதாக இருந்தால் சொல்லுங்க.