மறு: ஹேண்ட் பிரேக் – ‘நிலைப்பிடி’ எனலாமா?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

நிறுத்திய வண்டி நகராமல் பிடிக்கும் ஹேண்ட் பிரேக்குக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற நம் பேச்சில் ஈரோட்டு ஐயா முன்வைத்த ‘கைத்தடை’ என்ற சொல்லுக்கு நேற்று மாலைவரை நானும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன். இன்று கோவை கணபதியில் ஒரு பட்டறைக்குப் போய்வந்த பிறகு மனம் மாறிவிட்டது. காரணம் சற்று நீளும், பொறுத்தருளுங்கள்.

அங்கே பொறியியல் மாணவர் நால்வர் சொந்தமாக ஒரு வண்டி கட்டுகிறார்கள். இரும்புக் குழாயை வளைத்துப் பற்றவைத்த சட்டகம். பழைய மாருதி 800இன் எஞ்சினை முன்சக்கர அமைப்போடு அப்படியே கழற்றிப் பின்பக்கம் வைத்திருக்கிறார்கள். தோப்புக்குள் ஓட்டத்தான். சாலையில் இறக்கினால் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் வண்டியின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்தும் 52ஆம் பிரிவு குறுக்கே வரும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

சிக்கல் இதுதான். மாருதி 800இல் முன்சக்கரத்துக்கு டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் தட்டு) பிரேக், பின்சக்கரத்துக்கு டிரம் (சக்கரத்தோடு சுழலும் உருளை) பிரேக். ஹேண்ட் பிரேக் கேபிள் போய் இழுப்பது டிரம்முக்குள் இருக்கும் கட்டைகளை. இவர்கள் முன்னதைப் பின்னுக்குக் கொண்டுபோனதால் பின்சக்கரத்தில் இப்போது டிஸ்க் இருக்கிறது. அந்தத் தட்டை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் காலிப்பரில் கேபிளை மாட்ட இடமே இல்லை. ஆகவே பந்தய வண்டிகளில் பார்த்திருப்பீர்களே, உயரமாக நிற்கும் ஹைட்ராலிக் நெம்பு, அதை வாங்கிப் பூட்டிவிட்டார்கள். இழுத்தால் எண்ணெய் அழுத்தம் பின் காலிப்பர்களுக்குப் போகும். பார்க்க மிடுக்காகத்தான் இருக்கிறது.

போன வாரம் தோப்புச் சரிவில் வண்டியை நிறுத்தி, அந்த நெம்பை இழுத்துத் தேங்காய்நார்க் கயிற்றால் கட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார்கள். திரும்பி வந்தபோது வண்டி இருபது அடி கீழே ஒரு தென்னையில் சாய்ந்திருந்தது. கயிறு விறைப்பாகவே இருந்ததாம். பிடி மட்டும் போய்விட்டது. ரப்பர் சீலின் ஓரமாக எண்ணெய் துளித்துளியாகக் கசியும். ஓடிவந்த சூடு ஆறும்போது எண்ணெய் சுருங்கவும் செய்யும். அழுத்தம் இறங்கினால் பிடி ஏது?

கையால் இழுத்தார்கள், தடை விழுந்தது. ஆகவே அது ‘கைத்தடை’தான்; சொல்லில் பிழை இல்லை. வண்டிதான் நிற்கவில்லை. இழுப்பது கையா காலா என்பதை அந்தச் சொல் சொல்கிறது. கையை எடுத்த பிறகும் வண்டி நிற்குமா என்பதைச் சொல்லவில்லை. பழைய மெர்சிடிஸ் கார்கள் பலவற்றில் இதைக் காலால்தான் மிதிக்க வேண்டும். நாமக்கல் அன்பருக்கு நான் சொல்லவே தேவையில்லை: காற்று பிரேக் வைத்த லாரியில் விரலால் ஒரு குமிழை நகர்த்தினால் போதும். காற்று வெளியேறுகிறது, ஸ்பிரிங் விரிந்து சக்கரத்தைப் பிடிக்கிறது. அங்கே கைக்கு என்ன வேலை?

‘தடை’யிலும் எனக்கு உறுத்தல் உண்டு. வேகத்தடை என்றால் நம் ஊரில் சாலையின் குறுக்கே கிடக்கும் மேடு. மின்தடை என்றால் பாடநூலில் ஒன்று, நாளிதழில் வேறொன்று. பிரேக்குக்கும் அதையே கொடுத்தால் பாவம், அந்தச் சொல் எத்தனை சுமைதான் சுமக்கும்? ‘பிரேக் பிடிக்கிறது’, ‘பிரேக் பிடிக்கவில்லை’ என்றுதானே எல்லாரும் சொல்கிறோம். ‘பிடி’ என்ற வினைச்சொல் நம் வாயிலேயே இருக்கிறது. ஆனால் ‘கைப்பிடி’ என்றால் கதவில் இருப்பது; எனவே ‘கை’யை விட்டுவிடலாம்.

அந்த இடத்துக்கு ‘நிலை’ பொருந்தும். ‘அவிநாசித் தேர் நிலை சேர்ந்தது’ என்று எழுதுகிறோம் அல்லவா? ஓடவேண்டியது ஓடி முடித்து, நிற்கவேண்டிய இடத்தில் நிற்பது. ஆகவே ‘நிலைப்பிடி’. கையால் இயக்குவதைப் பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் ‘கைநிலைப்பிடி’ என்று கொள்ளலாம். மாணவர்கள் வாங்கிய ஹைட்ராலிக் நெம்பு கைப்பிரேக்காக இருக்கலாம், நிலைப்பிடி ஆகாது.

திருப்பூர் அம்மா சொன்ன ‘முட்டுக்கட்டை’ அழகான சொல். ஆனால் அது சக்கரத்தின் அடியில் வைப்பது; இப்போதைக்கு அந்த மாணவர்களும் அதைத்தான் வைத்திருக்கிறார்கள்.

இனி உறுப்புகள். கேபிளால் இயங்கும் தனிக் காலிப்பர் இரண்டை டிஸ்க்கின் மறுபக்கம் பூட்டப் போகிறார்கள். நெம்பு 30 செ.மீ., கேபிள் மாட்டும் இடம் நெம்பு திரும்பும் அச்சிலிருந்து 5 செ.மீ.; ஆக ஆறு மடங்கு. 20 கிலோ விசையில் இழுத்தால் கேபிளில் 120. அதைச் சக்கரத்துக்கு 60ஆகப் பிரித்துக் கொடுக்க நடுவில் ஒரு குறுக்குத்தண்டு வரும். ஒரு பக்கக் கேபிள் தளர்ந்தால் தண்டு சாய்ந்து சரிக்கட்டும். அதை நான் பார்த்த உடனே நினைவுக்கு வந்தது காங்கேயம் காளை பூட்டிய வண்டியின் நுகத்தடிதான். ‘சமன்நுகம்’ எனலாமா? நெம்பு திரும்பி விழாமல் கடித்து நிற்பதைப் ‘பல்’ என்றும், அதில் விழுவதை ‘நாக்கு’ என்றும் பட்டறையில் ஏற்கெனவே சொல்கிறார்கள். அவற்றில் நாம் கைவைக்க வேண்டாம். கேபிளுக்கு மட்டும் ‘உள்கம்பி’, ‘உறை’ என இரண்டு சொல் வேண்டும். உறையின் இரு முனையையும் சட்டகத்தில் இறுக்காவிட்டால் நெம்பை இழுக்கும்போது உறைதான் வளையும், காலிப்பர் அசையாது. முதல் முறை அப்படித்தான் ஆயிற்று.

நெம்பின் அடியில் ஒட்ட ‘நிலைப்பிடி’ என்று ஸ்டிக்கர் வெட்டக் கொடுத்திருக்கிறேன். மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். கடைக்காரர் அன்றுதான் வெட்டுகிறார்.