தீவு ஓக் மரம்தானா? யாராவது பார்த்துச் சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே, போன வாரம் கலிபோர்னியாவின் லாங் பீச்சிலிருந்து கப்பல் ஏறி சான்டா கேட்டலினா தீவுக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு பள்ளத்தாக்கில் எடுத்த படங்களைக் கீழே போட்டிருக்கிறேன். இது குவெர்கஸ் டொமென்டெல்லா, அதாவது தீவு ஓக்கா என்று தெரிய வேண்டும்.

உலகத்திலேயே இது இயற்கையாக வளர்வது ஆறு தீவுகளில்தான்: கலிபோர்னியாவின் சேனல் தீவுகளில் ஐந்து, அப்புறம் மெக்சிகோவின் குவாடலூப். ஒரு காலத்தில் பெருநிலத்திலும் இருந்ததற்குப் புதைபடிவங்கள் இருக்கின்றன, இப்போது அங்கே காட்டு மரமாக ஒன்றுகூட இல்லை. இலை உதிர்க்காத மரம், கோடையில் மழையே இல்லாத ஊரில் கடல் மூடுபனியை இலையில் பிடித்துச் சொட்டுச் சொட்டாகத் தன் வேருக்கே தண்ணீர் விட்டுக்கொள்ளும். ஆடு, பன்றி எல்லாம் கொண்டுபோய் விட்டு, கன்றுகளையும் விதைகளையும் தின்னவிட்டு, மண்ணையும் அரிக்கவிட்டதுதான் நாம் செய்த காரியம். குவாடலூப்பில் ஆடுகள் மேய்ந்து ஓக் மரங்கள் மிகச் சிலவாகக் குறைந்துபோயின.

சரி, என் சந்தேகத்துக்கு வருகிறேன். இலை தடிப்பாக, நரம்புகள் ஆழமாக, விளிம்பு உள்பக்கம் சுருண்டு இருக்கிறது, அடியில் மெல்லிய ரோமம். ஆனால் கேன்யன் லைவ் ஓக் என்ற இன்னொரு ஓக் வகையோடு இது கலந்துவிடும் என்கிறார்கள், கலப்பினமாக இருந்தால் எதை வைத்துக் கண்டுபிடிப்பது? இலையைப் பறிக்கவில்லை, கொட்டையும் எடுக்கவில்லை, படம் மட்டும்தான். தாவரவியல் படித்தவர்கள் யாராவது இருந்தால் மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.