புதுப்பிப்பு: அப்பாவின் கழுத்துக் கட்டி, மரபணு ரிப்போர்ட் வந்தாச்சு

முன்பு எழுதியிருந்தேன்: அப்பாவுக்குக் கழுத்தில், கரோட்டிட் ரத்தக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில், பாராகாங்லியோமா என்ற அரிய கட்டி. தாத்தாவுக்கும் அதே இடத்தில் வீக்கம் இருந்ததாம். அதனால்தான் மரபணுச் சோதனை. என்ன ஆச்சு என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

எஸ்டிஹெச்டி மரபணுவில் பிழை. 11ஆம் குரோமோசோமில் இருப்பது. இந்தக் கட்டியோடு இதற்குள்ள தொடர்பு 2000இல்தான் வெளியானது. பிள்ளைகளுக்குப் போக 50 சதவீத வாய்ப்பு. எனக்கு வந்திருக்கிறது, தங்கை தப்பித்தாள்.

இதில் ஒரு விசித்திரம். அப்பாவிடமிருந்து வந்தால்தான் பெரும்பாலும் கட்டி முளைக்கும். அம்மாவிடமிருந்து வந்தால் அது மிக அபூர்வம். மயிலாப்பூர் அத்தைக்கும் இந்தப் பிழை இருக்கிறது. “அப்போ என் பிள்ளைங்களுக்கு ஒண்ணும் வராதாடா?” என்றார். அநேகமாக வராது. ஆனால் மகனுக்குப் போயிருந்தால் அவன் பிள்ளைகளுக்கு வரலாம். ஆகவே அவனும் சோதித்துக்கொள்ளத்தான் வேண்டும். அத்தைக்குத் தாத்தாவிடமிருந்து வந்தது, அதனால் அவருக்கும் ஸ்கேன் உண்டு. அதைச் சொன்னதும் காபி போட எழுந்து போய்விட்டார்.

எனக்கு எம்ஆர்ஐயில் ஒன்றும் இல்லை. மெட்டாநெஃப்ரின் (அட்ரினலின் வகை ஹார்மோன் சிதைந்து உண்டாகும் பொருள்) பார்க்க 24 மணி நேரச் சிறுநீர் கேட்டார்கள். தாம்பரம் மின்சார ரயிலில், ஆபீஸ் கூட்டத்தில், அந்தக் கேனை மடியில் வைத்துக்கொண்டு போன கதையைத் தனியாகத்தான் எழுத வேண்டும். அளவு நார்மல். இனி வருடா வருடம் பரிசோதனை.

அப்பாவுக்கும் அதே சோதனை எடுத்தார்கள். கட்டி அட்ரினலின் வகை ஹார்மோன் சுரந்தால், ஆபரேஷன் நடுவில் பிபி எகிறிவிடுமாம். சுரக்கவில்லை. அடுத்த மாதம் ஆபரேஷன்.