16 நாள் மிதிவண்டிப் பயணம்: இலங்கையா, வியட்நாமா?

மாந்தோப்பு, கிருஷ்ணகிரி

மாங்கூழ் ஆலையொன்றில் பணிபுரிகிறேன். ஏப்ரலில் பருவம் தொடங்கிவிட்டால் விடுப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை என்பதால், பிப்ரவரியில் கிடைக்கும் 16 நாளில் நானும் என் மைத்துனரும் சுமை கட்டிய மிதிவண்டியில் ஒரு வெளிநாட்டைச் சுற்றிவர விரும்புகிறோம். இலங்கையா, வியட்நாமா என்பதில்தான் குழப்பம். ஒகேனக்கல்லுக்கும் ஏற்காட்டுக்கும் பலமுறை மிதித்துச் சென்றிருக்கிறோம். நாளுக்கு 80 கி.மீ. எங்களால் இயலும். மைத்துனர் சைவம். இரு நாடுகளிலும் ஓட்டியவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஓசூர் ஏற்றம்

16 நாள் என்று நீங்கள் சொன்னபோதே பாதி விடை கிடைத்துவிட்டது. ஹனோயிலிருந்து ஹோ சி மின் நகருக்கு ரயில் பாதையே 1,726 கி.மீ. நீளம், ஒரு நாள்கூட ஓய்வெடுக்காமல் 80 கி.மீ. வீதம் மிதித்தாலும் 21 நாளுக்கு மேல் ஆகும். ஆகவே வியட்நாமில் ஏதேனும் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்துகொண்டு, மற்றதை ரயிலில் கடக்க வேண்டியிருக்கும். இலங்கையிலோ நீர்கொழும்பில் தொடங்கி, கண்டி, நுவரெலியா, எல்ல, வெல்லவாய வழியாகத் தென்கடற்கரைக்கு இறங்கி, காலி நகரம் வரை செல்ல இந்த நாட்கள் தாராளம். விமான நிலையம் கட்டுநாயக்காவில் இருப்பதால், கொழும்பு நெரிசலுக்குள் நுழையாமலே நீர்கொழும்பை அடையலாம்.

ஆனால் ஏற்றத்தைக் குறைத்து எண்ண வேண்டாம். கண்டி ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்திலும், நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்திலும் உள்ளன. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு ஏறுவதை நாம் பெரிதாகப் பேசுகிறோமே, இதனோடு ஒப்பிட்டால் அது சமவெளி. ஒரே நாளில் ஏறாமல் இடையில் றம்பொடையில் தங்குங்கள். எல்லவிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும்போது பிரேக் கட்டைகள் வேகமாகத் தேயும். மாற்றுக் கட்டை ஒரு சோடி பையில் இருக்கட்டும்.

பிப்ரவரி, இலங்கையின் மலைநாட்டுக்கும் தென்மேற்குக் கரைக்கும் ஏற்ற மாதம். வியட்நாமில் அப்போது தெற்கே வெயிலும் வடக்கே குளிரும் தூறலுமாக இருக்கும். அவர்களுடைய டெட் புத்தாண்டு சனவரி பிற்பாதிக்கும் பிப்ரவரி 20-க்கும் இடையில் வருவதால், அதையொட்டிய நாட்களில் சிற்றூர்க் கடைகள் பல மூடியிருக்கும். ரயிலில் இடமும் எளிதில் கிடைக்காது.

நல்லம்பள்ளி

ஓசூர் நண்பர் போக்குவரத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. இலங்கையின் முதன்மைச் சாலைகள் பல குறுகலானவை. தனியார் பேருந்துகள் ஒன்றையொன்று முந்தும்போது நாம்தான் ஓரத்து மண்ணில் இறங்க வேண்டும். தொப்பூர்க் கணவாயில் லாரிகளுக்கிடையே இறங்கிப் பழகிய எனக்கே காலி நகருக்குச் செல்லும் சாலையில் நெஞ்சு படபடத்தது. வியட்நாமில் சாலையை நிறைப்பவை ஸ்கூட்டர்கள் என்பதால், மெதுவாகச் செல்பவரை எதிர்பார்த்தே எல்லோரும் ஓட்டுகிறார்கள். ஹுவேக்கும் டா நாங்குக்கும் இடையிலுள்ள ஹை வான் கணவாய் 496 மீட்டர்தான். 2005-இல் சுரங்கப்பாதை திறக்கப்பட்ட பின் லாரிகள் பெரும்பாலும் அதற்குள் சென்றுவிட, பழைய மலைச்சாலை அமைதியாகிவிட்டது. மேகோங் கழிமுகத்தில் ஏற்றமே கிடையாது. ஆற்றைப் படகில் கடந்து, சாலையோரக் காபிக் கடைத் தூளியில் உச்சிவெயில் தணியும் வரை படுத்திருக்கலாம். ஒரு காபிக்கு ஒரு மணி நேரம் தூங்கினேன், யாரும் எழுப்பவில்லை.

அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். பின்பார்வைக் கண்ணாடியைக் கைப்பிடியின் இடப்பக்கத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் சந்திப்புகளில் கை தானாகவே தவறான பக்கம் திருப்பும்.

பென்னாகரத்தார்

சைவ உணவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இலங்கைத் தேங்காய்ச் சம்பலில் மாசிக்கருவாடு சேர்ப்பது வழக்கமாதலால் கேட்டுத்தான் உண்ண வேண்டும். மலைநாட்டுத் தோட்டப் பகுதிகளில் தமிழிலேயே கேட்கலாம். வியட்நாமில் மீன்சாறு சேராத குழம்பு அரிது. ‘சாய்’ என்று பலகையிருந்தால் அது சைவக் கடை. சந்திர மாதத்தின் முதல் நாளிலும் 15-ஆம் நாளிலும் பௌத்தர் பலர் சைவம் உண்பதால், அன்று உணவு எளிதாகக் கிடைக்கும்.

மாந்தோப்பு

அனைவருக்கும் நன்றி. இலங்கை என்று முடிவு செய்துவிட்டோம். வியட்நாமுக்கு ஒரு மாத விடுப்பு வேண்டும். அது ஓய்வு பெற்ற பிறகுதான் வாய்க்கும். இரு ஐயங்கள்: முன்னால் சிறிய பல்சக்கரம் 34 பல், பின்னால் பெரியது 28 பல், மலைக்குப் போதுமா? வெல்லவாயவிலிருந்து கதிர்காமம் செல்ல எது நல்ல வழி?

ஓசூர் ஏற்றம்

சுமையுடன் போதாது. பின்னால் 34 பல்லாவது வேண்டும். உங்கள் கியர் மாற்றி அதைத் தாங்குமா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். கதிர்காமத்துக்குப் புத்தல வழி தூரம் குறைவுபோலத் தோன்றினாலும் வேண்டாம். யானைகள் வண்டிகளை மறித்துத் தீனி தேடும் சாலை அது. தணமல்வில வழியாக, அதுவும் பகலில் மட்டும் செல்லுங்கள். அஞ்செட்டிக் காட்டில் யானை பார்த்த துணிச்சலை அங்கே காட்ட வேண்டாம். பையில் பழம் எதுவும் வைத்திருக்கவும் வேண்டாம்.