காற்று ‘பிக் அப்’ ஆகும் என்றால் கூடுமா, குறையுமா?

பாம்பன் தெற்குவாடி:

அப்பாவுக்கு ஒரு வல்லம் இருக்கிறது. அவரும் சித்தப்பாவும் தென்கடலில் நண்டு வலைக்குப் போகிறார்கள். நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. எங்கள் தெருவில் வாட்ஸ்அப்பில் வருகிற இங்கிலீஷ் செய்தியை வாசித்துச் சொல்வது என் வேலையாகிவிட்டது.

போன ஆடியில் ஒரு நாள் காலை, தூத்துக்குடியில் இருக்கும் மாமா ஒரு வரி அனுப்பினார்: ‘விண்ட் வில் பிக் அப் ஆஃப்டர் நூன்.’ பிக் என்றால் எடுப்பது, அப் என்றால் மேலே. காற்று எடுபட்டுப் போய்விடும், கடல் லேசாகிவிடும் என்று புரிந்துகொண்டேன். “மத்தியானத்துக்கு மேல காற்றை எடுத்துரும்ப்பா” என்று சொல்லிவிட்டேன். அப்பாவும் என்னை நம்பி வலையை ஏற்றினார். இரண்டு மணிக்குக் கச்சான் காற்று பிடித்துக்கொண்டது. வல்லத்தின் முன்பக்கம், அணியத்தில் தண்ணீர் அடித்து ஏற, பாதி வலையை அறுத்துக் கடலிலேயே விட்டுவிட்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் கரை சேர்ந்தார்கள். அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் மிச்ச வலையை முற்றத்தில் விரித்துத் தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்காரவே எனக்குக் கால் வரவில்லை.

அகராதியைப் புரட்டினால் பிக் அப்புக்கு ஒரு பக்கம் முழுக்க அர்த்தம் போட்டிருக்கிறது. எந்த இடத்தில் எதை எடுப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கீழக்கரை கப்பல்காரன்:

தங்கச்சி, காற்று பிக் அப் ஆகிறது என்றால் கூடுகிறது. அதில் வேறு அர்த்தமே கிடையாது.

நான் பத்தாவதோடு படிப்பை விட்டவன். சரக்குக் கப்பலில் எஞ்சின் ரூமில் 22 வருடம் கிடந்தேன். என் இங்கிலீஷ் எல்லாம் அங்கே காதில் விழுந்து வந்ததுதான். அதற்கும் இதே சொல்தான்: ‘ஐ பிக்ட் அப் இங்கிலீஷ் ஆன் தி ஷிப்.’ வாத்தியார் முன்னால் உட்கார்ந்து படித்ததற்கு இது வராது, பழகப் பழக ஒட்டிக்கொண்டதற்குத்தான் வரும். எங்கள் வாப்பா கொழும்பில் கடையில் நின்ற காலத்தில் சிங்களம் பேசப் பழகினார். ஒரு எழுத்துக் கூட எழுதத் தெரியாது. அதுவும் பிக் அப் செய்ததுதான்.

இப்போது உன் காற்றுக்கு வருகிறேன். வல்லத்து எஞ்சின் சரியாக இழுக்கவில்லை என்றால் உன் அப்பா என்ன சொல்லுவார்? ‘பிக்கப் இல்ல’ என்பார். மெக்கானிக்கும் அதைத்தான் சொல்லுவார். அந்த பிக்கப்பும் மாமா எழுதிய பிக் அப்பும் ஒரே சொல். உன் வீட்டில் தினமும் புழங்குகிற சொல் இங்கிலீஷ் வரிக்குள் வந்ததும் அந்நியமாகத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

தமிழிலும் இப்படி இருக்கிறது. பழைய பாம்பன் பாலத்தில் ஊர்ந்து வந்த ரயில் மண்டபம் தாண்டியதும் வேகம் எடுத்தது. வேகத்தை எங்கிருந்தும் யாரும் தூக்குவதில்லை. பசி எடுக்கிறது, தாகம் எடுக்கிறது, ஓட்டம் எடுத்தான், போனை எடு: ‘எடு’ என்ற ஒரு சொல்லை எத்தனை வேலைக்கு விடுகிறோம் பார். சின்ன வயதில் இதையெல்லாம் பிரித்துப் பார்த்தா படித்தோம்? முழுசாகத்தான் வாயில் வந்தது. பிக் அப்பையும் அப்படி முழுசாக எடுத்துக்கொள். பிக் தனி, அப் தனி என்று கூட்டினால் கணக்கு தப்பும்.

அடையாளம் ஒன்று சொல்கிறேன். ‘எதை, யாரை’ என்று கேட்டுப் பார். ‘பிக் அப் தி நெட்’ என்றால் வலையைத் தூக்கு. ‘பிக் மீ அப் அட் ராம்நாட்’ என்றால் ராமநாதபுரத்தில் வந்து என்னை ஏற்றிக்கொள். அந்தக் கேள்விக்குப் பதிலே இல்லாமல் காற்று, வியாபாரம், உடம்பு என்று ஏதாவது தனியாக நின்றால், அது கூடுகிறது அல்லது தேறுகிறது. தடைக்காலம் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள். அது முடிந்து விசைப்படகு கடலுக்குப் போனதும் ஐஸ் கம்பெனியில் ஆள் கூடுமே, அதுதான் ‘பிசினஸ் ஹேஸ் பிக்ட் அப்.’ போன் மட்டும் இதற்கு அடங்காது. ‘ஹி டிட்ன்ட் பிக் அப்’ என்று மொட்டையாகச் சொன்னாலும் போனை எடுக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், நாளைக்கு இதில் ஏமாறக் கூடாது. ‘லெட் அப்’ என்று வந்தால் மழையோ காற்றோ விடுகிறது, குறைகிறது. அதிலும் அப் இருக்கிறது! அப்பைப் பார்த்து ஏறும் என்று முடிவுகட்டாதே. ‘டை டவுன்’ என்றால் அடங்குகிறது. ‘ஈஸ் ஆஃப்’ என்றாலும் தணிகிறது.

தங்கச்சிமடத்துக்காரி:

கப்பல்காரக் காக்கா சொன்னதில் ‘யாரை’ என்ற இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். மூன்று வருடத்துக்கு முன் என் அண்ணன் போன படகில் எஞ்சின் நின்று, ஒரு ராத்திரி முழுக்கக் கடலில் மிதந்தார்கள். மறுநாள் ஒருவர் இங்கிலீஷில் செய்தி அனுப்பினார். அதில் நான்கு பேர் ‘பிக்ட் அப்’ என்று இருந்தது. பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று யாரோ சொல்ல, அம்மா தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார். அண்ணி கைப்பிள்ளையோடு கடற்கரைக்கு ஓடினார். சாயங்காலம்தான் தெரிந்தது, வேறொரு படகு அவர்களை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறது. ஒரே சொல் இரண்டுக்கும் வருமா?

கீழக்கரை கப்பல்காரன்:

வரும்மா. நம் கரையில் இருக்கிறவர்களுக்கு இதுதான் ரொம்பக் கொடுமையான இடம். ‘போலீஸ் பிக்ட் ஹிம் அப்’ என்றால் பிடித்துக்கொண்டு போனார்கள். ‘எ ஷிப் பிக்ட் தெம் அப்’ என்றால் கப்பல் காப்பாற்றி ஏற்றியது. தூக்கியது யார் என்பதில்தான் அர்த்தம் இருக்கிறது. யார் என்று சொல்லாமல் வெறும் ‘பிக்ட் அப்’ மட்டும் வந்தால், அனுப்பியவரைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுத்தான் வீட்டில் வாயைத் திறக்க வேண்டும். எல்லை தாண்டியதாகப் பிடித்துப்போனால் பத்திரிகைகள் பெரும்பாலும் ‘அரெஸ்டட்’ அல்லது ‘அப்ரிஹெண்டட்’ என்று எழுதும். மீட்டதற்கு ‘ரெஸ்கியூட்’ என்று வரும். அந்தச் சொற்களைத் தேடிப் பாருங்கள்.

தனுஷ்கோடி அரிச்சல்முனையில் போன் இலங்கை டவரைப் பிடிக்கிறதே, அதற்கும் பிக் அப்தான். ‘மை போன் பிக்ட் அப் எ ஸ்ரீலங்கன் சிக்னல்.’ அதில் யாருக்கும் கெடுதல் இல்லை.

மண்டபம் டீச்சர்:

எழுதும்போது தவறக்கூடிய இடம் ஒன்று உண்டு. ‘பிக் அப் தி நெட்’, ‘பிக் தி நெட் அப்’ இரண்டும் சரி. ‘இட்’, ‘ஹிம்’, ‘தெம்’ வந்தால் மட்டும் கட்டாயம் நடுவில்தான் வைக்க வேண்டும்: ‘பிக் இட் அப்.’ ‘பிக் அப் இட்’ தவறு. என் வகுப்பில் வருடா வருடம் இதைத்தான் திருத்துகிறேன்.

பாம்பன் தெற்குவாடி:

அண்ணே, டீச்சர், ரொம்ப நன்றி. எஞ்சின் பிக்கப்பை அப்பாவிடம் சொன்னேன். “அட, அதுவா இது” என்றார். அந்த நாளுக்குப் பிறகு இன்றுதான் அதைப் பற்றி வாய்விட்டுப் பேசினோம்.

ஒன்றே ஒன்று. வானிலைத் துறை அறிக்கையில் பிக் அப் வருவதே இல்லை. ‘ஸ்குவாலி வெதர், 45 டு 55, கஸ்டிங் டு 65’ என்று வருகிறது. இது எப்படி?

கீழக்கரை கப்பல்காரன்:

அந்த அறிக்கையைத்தான் நீ முதலில் பார்க்க வேண்டும். ஸ்குவாலி என்றால் சூறைக்காற்று. மணிக்கு 45-லிருந்து 55 கிலோமீட்டரில் வீசும், நடுநடுவே 65 வரை ஒரு வீச்சு எகிறும், அதுதான் கஸ்டிங். எந்தக் கடலுக்கு என்ற பெயரையும் பார். மன்னார் வளைகுடா என்றால் உங்கள் தென்கடல். வடகடலுக்கு என்ன போட்டிருக்கிறது என்பதைத் தனியாக வாசி. ‘நாட் டு வென்சர் இன்டு’ என்று கடைசியில் இருந்தால் போகக் கூடாது, அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. மாமா பாசத்தில் ஒரு வரி அனுப்புவார். வல்லத்தை இறக்குவதை எண்ணைப் பார்த்து முடிவு செய்.

பாம்பன் தெற்குவாடி:

சரிண்ணே. இன்று காலை வந்ததையும் அப்படித்தான் வாசித்தேன்: “தென்கடல்ல காற்று கூடும்ப்பா. 45-லருந்து 55, நடுவுல 65 வரைக்கும் வீசும். போகக்கூடாதுன்னு போட்டுருக்கு.” அப்பா கரையில் நின்று ஒரு தடவை வானத்தைப் பார்த்தார். அப்புறம் சித்தப்பாவைக் கூப்பிட்டு, வல்லத்தை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிக் கட்டச் சொன்னார்.